களியக்காவிளையிலிருந்து கல்ஃபுக்கு: விமானம் ஏறும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு, தமிழ்நாட்டில் மற்ற ஊர்க்காரர்களுக்கு அவ்வளவாக இல்லாத ஒரு தொல்லை உண்டு. இவர்களுடைய காகிதங்கள் இரண்டு மாநிலங்களில் கிடக்கும். பிறந்தது திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடம் மார்த்தாண்டத்தில், பட்டம் கேரளப் பல்கலைக்கழகத்தில் என்று இருக்கும். ஊரில் இருக்கும்வரை இதை யாரும் கேட்பதில்லை. விசா வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

சான்றிதழ் உண்மையானதுதான் என்று அரசு முத்திரை வைத்து உறுதிசெய்வதுதான் அட்டஸ்டேஷன். அதில் அடிப்படை விதி ஒன்றுதான்: சான்றிதழை எந்த மாநிலம் கொடுத்ததோ, அந்த மாநிலம்தான் முதல் முத்திரை வைக்கவேண்டும். ஆதார் முகவரி தமிழ்நாடு என்பதால் கேரளப் பட்டத்தை எடுத்துக்கொண்டு சென்னைக்கு அலைவது வீண். அதற்குத் திருவனந்தபுரத்தில் நோர்க்கா ரூட்ஸ் என்ற, வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான கேரள அரசு நிறுவனம் இருக்கிறது. போகும்போது பட்டத்தை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, மதிப்பெண் பட்டியல்கள் எல்லாவற்றின் அசலும் கையில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் வாங்கிய பட்டத்துக்குத்தான் சென்னை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைத் திருவனந்தபுரம் மாநகராட்சி கொடுத்திருந்தால், குடும்ப விசாவுக்கு அதுவும் கேரள வழியாகத்தான் போகும்.

மாநில முத்திரைக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகம். அங்கே நாட்டைப் பொறுத்து வழி பிரியும். ஓமான், பஹ்ரைன், சவுதி மூன்றுக்கும் அப்போஸ்டில் போதும்; அதாவது, தூதரக முத்திரை இல்லாமலே ஒப்பந்த நாடுகள் ஏற்றுக்கொள்ளும் அமைச்சகச் சான்று. சவுதி இந்த ஏற்பாட்டுக்குள் வந்தது 2022 டிசம்பரில். அமீரகம், கத்தார், குவைத் என்றால் அமைச்சக முத்திரைக்குமேல் அந்நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும். சவுதிக்குப் போகிற ஒருவரிடம் இப்போதும் தூதரக முத்திரை என்று சொல்லி யாராவது தனியாகப் பணம் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள்.

இன்னொன்று லாமினேஷன். மழைக்கும் ஈரத்துக்கும் பயந்து, நம் பக்கத்து வீடுகளில் சான்றிதழை வாங்கிய கையோடு லாமினேஷன் செய்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக்கின்மேல் முத்திரை விழாது, ஸ்டிக்கரும் ஒட்டமுடியாது. வீட்டிலேயே சூடுகாட்டி உரித்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும். அப்புறம் பல்கலைக்கழகத்தில் நகல் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கவேண்டியதுதான். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்தாலே போதும்.

கல்யாணச் சான்றிதழிலும் இதே கவனம் வேண்டும். கோயிலோ சர்ச்சோ கொடுக்கும் சான்றிதழோடு நிறுத்திவிடக்கூடாது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டும். தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாட்கள் உண்டு. மனைவியைக் கூட்டிப்போகும் எண்ணம் இருக்கிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

அடுத்தது பெயர். தமிழ்நாட்டு மார்க் ஷீட்டில் ‘சுனிதா எம்’, கேரளப் பட்டத்தில் ‘சுனிதா மரியதாஸ்’, பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி, வெறும் ‘சுனிதா’. நமக்கு ஒரே ஆள். அங்கே கணினிக்கு மூன்று ஆட்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா, விசிட் விசாக்களில் அனுமதியில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. வேலை உறுதியாகும் முன்பே தகப்பன் பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்ளுங்கள். 36 பக்கத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. பத்தாம் வகுப்பு தேறியவர்கள் அந்தச் சான்றிதழையும் மறக்காமல் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் இ.சி.ஆர். பாஸ்போர்ட்தான் கிடைக்கும்; அதாவது, வேலைக்குப் போகும்போது அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்.

இ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர்கள் விசிட் விசாவில் போய், அங்கே வேலை விசாவுக்கு மாறிக்கொள்ளலாம் என்று கிளம்புவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாகப் போனால் ஒப்பந்தம் அரசாங்கப் பதிவில் இருக்கும். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் பிரீமியத்தில் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் சேரும். விசிட் விசாவில் போனவருக்கு இரண்டும் இல்லை. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அதே தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஆஃபர் லெட்டரில் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம்தான் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை. இரண்டு பேர், ஆளுக்கு மாதம் மொத்தச் சம்பளம் 2,000 திர்ஹம். ஒருவருக்கு பேசிக் 800, இன்னொருவருக்கு 1,400 என்று வையுங்கள். முதல் ஆளுக்கு ஆண்டுக்கு 560, மற்றவருக்கு 980. ஐந்து ஆண்டில் 2,100 திர்ஹம் வித்தியாசம், ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே.

குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் குடும்பங்கள் நிலத்தில்தான் பெரிய பிழை செய்கின்றன. வேலைக்கென்று வெளிநாடு போனவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுவாசி. அதன் பிறகு அவர் பெயரில் விவசாய நிலமோ தோட்டமோ வாங்கமுடியாது. அப்பா பிரியத்தோடு தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. போகும் முன் வாங்கியதை வைத்துக்கொள்ளலாம். வாரிசாக வருவதையும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே பங்கு பிரிப்பதென்றால் கிளம்பும் முன்பே பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அப்பா உயில் எழுதட்டும்.

பவர் பத்திரமும் ஊரிலேயே எழுதிவிடுவது நல்லது. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால், இந்தியா வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

வங்கியில் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டுவதும் விதிமீறல்தான், அதை வெளிநாட்டில் இருப்பவரின் உள்நாட்டு வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக ஆக்கவேண்டும். ரப்பர் பால் விற்ற காசு, வாடகை எல்லாம் அதில் போகட்டும். அங்கே சம்பாதித்து அனுப்புவதற்கு என்.ஆர்.இ. என்ற கணக்கு; அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது. ஓடிபி வரும் சிம்முக்கு ரோமிங்கை ஊரிலேயே போட்டுவிட்டு, ரீசார்ஜ் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.

நோர்க்காவின் நலத்திட்டங்கள் கேரளத்தவருக்கு மட்டுமே. கேரளப் பக்கத்துப் பாறசாலைக்காரருக்குக் கிடைப்பது, எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் களியக்காவிளைக்காரருக்குக் கிடைக்காது. நமக்கு அயலகத் தமிழர் நல வாரியம் உண்டு. அதில் உறுப்பினராகச் சேருங்கள்.

பெட்டி கட்டும்போது கசகசா வேண்டாம். அமீரகத்திலும் சவுதியிலும் அது போதைப்பொருள் கணக்கில் வரும். அம்மா அரைத்துக் கொடுக்கும் மசாலாப் பொடியில் சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். டிரமடால், கோடீன் கலந்த மாத்திரைகளையும் இருமல் மருந்துகளையும் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடாது. மற்ற மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டையும் சேர்த்துக் கைப்பையில் வையுங்கள்.