ஆமைக் குளத்தைத் தேய்த்துக் கழுவாதீர்கள்

போன மாதம் எங்கள் தெருத் தம்பி ஒருவர் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார். "அண்ணா, ஆமை ராத்திரியோடு ராத்திரியாக எல்லா மீனையும் கொன்றுவிட்டது."

போய்ப் பார்த்தேன். ஒன்பது கோய் மீன்கள் (வண்ணக் கெண்டைகள்) செத்து மிதந்தன. ஒன்றில்கூடக் கடித்த தடம் இல்லை, துடுப்பு கிழியவில்லை. தொட்டிச் சுவர் மட்டும் புதுப் பாத்திரம் போல் மின்னியது. என்ன நடந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பத்து வருடம் முன்பு நானும் அப்படித்தான் நின்றேன்.

ஒரே தொட்டியில் மீனோடு ஆமையும் வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன். ஆமையைப் பட்டினி போடாதீர்கள் என்பதைக் கடைக்காரரே சொல்லியிருப்பார். அதை விட்டுவிடுகிறேன்.

தேய்த்துக் கழுவுவது

ஆமை நிறையத் தின்னும், நிறையக் கழியும். தீனியைப் பிய்த்துத் துகளாக்கி நீரெல்லாம் இறைக்கும். வந்த இரண்டாம் வாரமே தண்ணீர் கலங்கி நாறும். நமக்குக் கை சும்மா இருக்காது.

என் தொட்டி 8 அடி நீளம், 5 அடி அகலம், இரண்டரை அடி ஆழம். ஏறத்தாழ 2,800 லிட்டர் பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இறைத்தேன். சுவரைத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து வெள்ளையாக்கி, புதுத் தண்ணீர் நிரப்பினேன். மூன்றாம் நாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. மத்தியானத்துக்குள் 11 போயின. ஆமை செங்கல் மேல் ஏறி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

பழி அதன் மேல் விழுவது இதனால்தான். ஆமைக்கு நுரையீரல் இருக்கிறது. தலையை நீட்டிக் காற்றை இழுத்துக்கொள்ளும். மீனின் செவுளுக்கு அந்தத் தண்ணீரை விட்டால் கதியில்லை. கழிவிலிருந்து எழும் அம்மோனியா அந்தச் செவுளை அரிக்கிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் சுவரின் வழுவழுப்பிலும் பஞ்சின் பழுப்பிலும்தான் குடியிருக்கின்றன. அவை பெருகி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அழுக்கு என்று நான் சாக்கடைக்கு அனுப்பியது அவற்றைத்தான். எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் போலக் காரத்தன்மை கூடியதென்றால், அம்மோனியாவின் நஞ்சு இன்னும் ஏறும்.

தம்பியின் தொட்டியில் மூன்று நாள்கூட ஆகவில்லை. பிளீச்சிங் பவுடரால் தேய்த்துச் சரியாக அலசாமல் அன்றே மீனை விட்டிருக்கிறார். குளோரின் ஓரிரவிலேயே முடித்துவிட்டது.

வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். பஞ்சை, எடுத்த குளத்து நீரிலேயே வாளியில் அலசுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரென்றால் ஓரிரு நாள் வெயிலில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். ஃபில்டர், மீனுக்குச் சொல்லும் அளவைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். அழுக்கு நீர் வாழைக்குப் போகட்டும். பாசி படிந்த சுவரைப் பார்த்து விருந்தினர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

குட்டியின் அளவை நம்புவது

காதோரம் சிவப்புக் கோடு போட்ட செங்காது ஆமைதான் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும். பெட்டை 25 செ.மீ.க்கு மேலும் வளரும். 20, 30 வருடம் வாழும்.

வால் நீண்ட தங்கமீன்

வேண்டாம். ஆமை துரத்தினால் அதற்கு ஓடத் தெரியாது.

கரையில்லாத குளம்

வெயில் படும் திட்டு இல்லையென்றால் ஓடு கெடும்.

வயலில் பிடித்த பால் ஆமை

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அலுத்துப்போய் ஏரியில் விடுவது

செங்காது ஆமை அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். தம்பியும் கோபத்தில் ஆமையைப் பையில் போட்டுக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிட்டார். வாங்கி வந்துவிட்டேன். இப்போது என் தொட்டியில் ஒரே செங்கல்லுக்கு இரண்டு ஆமைகள் முட்டிக்கொள்கின்றன.