நைதரசன் குழாயின் புற ஊதா ஒளியை அளப்பது எப்படி?

நைதரசன் மின்னிறக்கக் குழாய், உயர் அழுத்த மின்வழங்கி, கணினியில் செருகும் சிறிய நிறமாலைமானி ஆகியவை போதும். குழாய்க்குள் பாயும் இலத்திரன்கள் மோதிய மூலக்கூறுகள் விடும் ஒளியில், கண்ணுக்குத் தெரியாத பங்கே நமக்கு வேண்டியது. மின்முனைகளில் ஆயிரக்கணக்கான வோற்று இருக்கும். மின்னை நிறுத்தாமல் கையை அருகே கொண்டுபோகாதீர்கள். கொழும்பின் ஈரக்காற்றில் கசிவு வேறு இருக்கும்.

முதலில் அலைநீள அளவுத்திருத்தம், அதாவது நிறமாலைமானி காட்டும் அலைநீளம் சரியா என்று தெரிந்த கோடுகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது. வீட்டு மூலையில் கிடக்கும் பழைய சீ.எஃப்.எல். மின்குமிழே போதும். அதிலுள்ள இரசம் 365.0, 404.7, 435.8, 546.1 நனோமீற்றரில் கோடு காட்டும். எல்.ஈ.டி. மின்குமிழ் இதற்கு உதவாது.

அடுத்து ஒளியிழை. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். குவாட்ஸ் இழையே வாங்குங்கள். பிளாஸ்ரிக் இழையும் அக்ரிலிக் வில்லையும் புற ஊதாவை விழுங்கிவிடும்.

ஒளி சேர்க்கும் நேரம் 10 மில்லிசெக்கனின் மடங்காக இருக்கட்டும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் குழாய் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். குழாயை அணைத்து, அதே நேர அளவில் இருட்டு அளவையும் எடுத்துக் கழியுங்கள்.

இப்போது 337.1, 357.7, 380.5 இல் மேடுகள் தெரியும். நான் அதிகம் மினக்கெட்டது இங்கேதான். மூன்றுமே மூலக்கூறின் ஒரே மேல் சக்தி நிலையிலிருந்து இறங்குபவை. ஆகவே குழாயின் மின்னோட்டம் எதுவானாலும் அவற்றின் போட்டன் எண்ணிக்கை விகிதம் மாறாது: ஏறக்குறைய 100:67:27. உச்சியை அல்ல, மேட்டின் பரப்பளவை ஒப்பிடுங்கள். 337.1 மற்றதைவிடச் சிறுத்திருந்தால் நைதரசனில் பிழையில்லை. குழாயின் கண்ணாடியோ இழையோ உணரியோ ஒளியைத் தின்கிறது. அந்தக் குறையைத் திருத்தும் காரணியை இந்த விகிதமே தந்துவிடும். தனி நியம விளக்கு (ஒளியளவு முன்பே தெரிந்த விளக்கு) தேடி அலைய வேண்டியதில்லை.

391.4 இல் இன்னொரு மேடு தெரிந்தால் அது அயனாகிய நைதரசனுடையது. 337.1 க்கு 11 இலத்திரன்வோற்றுச் சக்தி போதும், இதற்கு 18.7 அளவில் வேண்டும். 391.4 ஐ 337.1 ஆல் வகுத்த விகிதம் ஏறினால் குழாயில் வேகமான இலத்திரன்கள் கூடியுள்ளன என்று கொள்ளலாம்.

பிற்சேர்க்கை: 337.1 மேட்டின் உச்சி 336.8 இல் நிற்கிறது என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். அலைநீள அளவுத்திருத்தத்தைத் தொடாதீர்கள். இந்த மேடுகள் (பட்டைகள்) குறுகிய அலைநீளப் பக்கமாகச் சரிபவை. கூர்மை குறைந்த கருவியில் உச்சி அந்தப் பக்கம் நகரத்தான் செய்யும். 674 இல் மேடு கண்டவர்கள், புற ஊதா தடுக்கும் மூக்குக்கண்ணாடியைக் குறுக்கே பிடியுங்கள். மறைந்தால் அது 337.1 இன் இரண்டாம் வரிசை நிழல், அதாவது அதே ஒளி கருவியில் இருமடங்கு அலைநீளத்திலும் தோன்றுவது.

200 நனோமீற்றருக்குக் கீழே போக இந்த ஏற்பாடு பயன்படாது. காற்றிலுள்ள ஒட்சிசனே ஒளியை மறித்துவிடும். அதற்கு வெற்றிட அறையும் இலத்திரன் துவக்கும் (இலத்திரன் கற்றையைப் பாய்ச்சும் கருவி) தேவை. அங்கேயும் ஒரு தொல்லை: அந்தப் பகுதியின் முக்கிய பட்டைகளை விடும் மூலக்கூறுகள் பல பத்து மைக்குரோசெக்கன்கள் கழித்தே ஒளிர்கின்றன. அதற்குள் அவை சில சென்ரிமீற்றர் நகர்ந்து கருவியின் பார்வையைத் தாண்டிவிடுவதால், அறையும் பார்வைப் புலமும் அகலமாக இருக்க வேண்டும்.