காபோன் ஏரிக்கரைக் காட்டு முகாமில் முதன்முறையாகத் தங்குவது எப்படி?

மத்திய ஆப்பிரிக்க நாடான காபோனில், ஓகோவே ஆற்றங்கரையிலுள்ள லாம்பரேனே நகருக்குத் தெற்கே, மழைக்காட்டுக்குள் பல ஏரிகள் விரிந்து கிடக்கின்றன. ஒகெமுவே அவற்றுள் ஒன்று. அத்தகைய ஏரிக்கரை முகாமொன்றில் முதன்முறையாகத் தங்கப்போகிறவர்கள் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி சொல்கிறேன்.

முதல் வேலை தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே செல்லுபடியாகும். அது இல்லாவிட்டால், இந்தியா திரும்பும்போதும் 6 நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். மலேரியா மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, காலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. தலைநகர் லிப்ரவில்லிலிருந்து லாம்பரேனே வரை சுமார் 240 கி.மீ. சாலைப் பயணம்; அதன்பின் படகு. கையில் ரொக்கமும் கொஞ்சம் பிரெஞ்சும் இருக்கட்டும்.

முகாமில் ஈரம்தான் முதல் எதிரி. கேமராவையும் மருந்துகளையும் நீர்புகாப் பைகளில் வையுங்கள். துவைத்த துணியை வெளியே உலர்த்தாதீர்கள். ஈரத்துணியில் தும்பு ஈ முட்டையிடும், அதன் புழு தோலுக்குள் புகுந்துவிடும். இஸ்திரிப் பெட்டியின் சூடு அந்த முட்டைகளை அழிக்கும் என்றாலும், காட்டில் அதற்கு வழியில்லாததால், கொசுவலைக்குள்ளேயே துணியை உலர்த்துவது நல்லது.

இருட்டிய பிறகு நடமாடுவதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பகலெல்லாம் நீரில் கிடக்கும் நீர்யானை இரவில் புல் மேயக் கரையேறுகிறது; அதற்கும் நீருக்கும் நடுவில் மனிதர் நின்றுவிட்டால், தப்பிக்கும் வழி அடைபட்டதாக எண்ணிப் பாய்ந்து தாக்கும். ஆகவே கழிப்பறைக்குப் போவதானாலும் காவலரை அழையுங்கள், கைவிளக்கால் முன்னால் வெளிச்சம் காட்டிப் பார்த்துவிட்டு அடியெடுத்து வையுங்கள், தண்ணீரோரம் தனியாக ஒருபோதும் போகாதீர்கள். இரவுப் படகில் முதலையின் கண்கள் செந்நிறமாக ஒளிர்வதைப் பார்க்கலாம். கையைப் படகுக்கு வெளியே நீட்ட வேண்டாம்.

விடியற்காலையில் ஆப்பிரிக்கக் கடற்பசுவைத் தேடிச் செல்லுங்கள். நன்னீரிலும் வாழும் இவ்விலங்கு கரையோரப் புல்லை மேய்கிறது. மூச்சுக்காக மூக்கு நுனியை மட்டும் நீருக்கு மேலே நீட்டும், ஓசை கேட்டால் உடனே மூழ்கிவிடும். படகோட்டியிடம் முன்கூட்டியே சொல்லி இயந்திரத்தை நிறுத்தச் செய்து, பேசாமல் காத்திருங்கள். ஒரு மணி நேரம் காத்திருந்து நீர்வளையம் ஒன்றை மட்டும் கண்டாலும், அது அருமையான காட்சி என்றே நான் கருதுகிறேன்.

ஊர் திரும்பியதும் மலேரியா மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருந்தைப் பொறுத்து ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டும். பின்னர் எப்போது காய்ச்சல் வந்தாலும், மழைக்காட்டில் தங்கியதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.