ஆக்சிஜன் இருந்தாலே ஆக்சிஜனேற்றமா? வேதிவினைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் ஒன் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்தும்போது ஒவ்வொரு வருஷமும் அதே இடங்களில்தான் சிவப்பு மை செலவாகிறது. நான் படித்த காலத்தில் சறுக்கியதும் அங்கேதான் என்பதால் கோபப்பட எனக்கு முழு உரிமை இல்லை, ஆனாலும் ஒரு தவறு மட்டும் இன்னமும் எரிச்சலூட்டுகிறது. சமன்பாட்டைச் சமன் செய்யாமல் விடுவது, குறியீட்டை மாற்றி எழுதுவது எல்லாம் இங்கே வேண்டாம். இரண்டு தடவை மதிப்பெண் போனால் அவை தானாகச் சரியாகிவிடும்.

ஆக்சிஜனைப் பார்த்ததும் முடிவு கட்டுவது

ஆக்சிஜன் சேர்ந்தால் ஆக்சிஜனேற்றம், நீங்கினால் ஒடுக்கம் என்றுதான் பள்ளியில் முதலில் சொல்லித்தருகிறோம். தப்பில்லை. எரிதல் என்பது ஆக்சிஜனோடு சேர்வது என்று 18ஆம் நூற்றாண்டில் லவாய்சியே விளக்கிய வழியில் வந்த பழைய வரையறை அது. மக்னீசியம் நாடா எரிவதற்கும், சூடான காப்பர் ஆக்சைடின் மேல் ஹைட்ரஜனைச் செலுத்துவதற்கும் கச்சிதமாகப் பொருந்தும். அதை மட்டுமே பிடித்துக்கொண்டு நீட் தேர்வு வரைக்கும் வந்துவிடுவதுதான் சிக்கல்.

சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கினால் சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். கால்சியம் கார்பனேட்டில் மூன்று ஆக்சிஜன் இருந்தது, கால்சியம் ஆக்சைடில் ஒன்றுதான் இருக்கிறது, ஆகவே ஒடுக்கம் என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அடித்துவிட்டு விளக்கினேன். மறுநாள் ஒரு கைடைக் கொண்டுவந்து விரித்து, "அச்சிலேயே இருக்கே சார்" என்றான். அப்படியே அச்சாகித்தான் இருந்தது! அவனிடம் என்ன சொல்ல? பார்க்க வேண்டியது ஆக்சிஜனேற்ற எண்ணை: அணு எலக்ட்ரானை இழந்தால் அது ஏறும், அது ஆக்சிஜனேற்றம்; வாங்கினால் இறங்கும், அது ஒடுக்கம். கால்சியம் முன்னும் பின்னும் +2, கார்பன் +4, ஆக்சிஜன் −2. எந்த எண்ணும் மாறவில்லை, அது வெறும் சிதைவு வினை. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கக் கொதிக்கச் சூடு கிளம்புகிறதே, அதிலும் எந்த எண்ணும் மாறுவதில்லை.

இதைவிட நன்றாக ஏமாற்றுவது பொட்டாசியம் குரோமேட். மஞ்சள் கரைசல், கொஞ்சம் அமிலம் விட்டதும் ஆரஞ்சு நிற டைகுரோமேட் ஆகிவிடும், காரம் சேர்த்தால் திரும்ப மஞ்சள். நிறம் மாறியதும் வகுப்பே "ரெடாக்ஸ்", அதாவது ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் சேர்ந்து நடக்கும் வினை, என்று கத்தும். கொஞ்சம் விவரமான பிள்ளை கணக்கோடு வரும்: குரோமேட்டில் ஒரு குரோமியத்துக்கு நான்கு ஆக்சிஜன், டைகுரோமேட்டில் இரண்டு குரோமியத்துக்கு ஏழு, அதாவது ஒன்றுக்கு மூன்றரை, ஆக்சிஜன் குறைந்துவிட்டது, ஒடுக்கம்தானே சார்? இல்லை. நான்கு ஆக்சிஜனுக்கு −8, அயனியின் மின்சுமை −2, ஆகவே குரோமியம் +6. ஏழு ஆக்சிஜனுக்கு −14, மின்சுமை −2, மிச்சம் +12 இரண்டு குரோமியத்துக்கு, அங்கேயும் +6 தான். அப்புறம் அதே ஆரஞ்சுக் கரைசலை அமிலம் சேர்த்தபடியே வைத்து, அதில் ஃபெரஸ் சல்பேட்டை விட்டுப் பாருங்கள், பச்சையாகும். அங்கேதான் குரோமியம் +6இலிருந்து +3க்கு இறங்குகிறது, இரும்பு +2இலிருந்து +3க்கு ஏறுகிறது.

மறுபக்கம், ஆக்சிஜனே இல்லாவிட்டால் ரெடாக்ஸ் இல்லை என்று எழுதுவார்கள். சோடியமும் குளோரினும் சேர்ந்து உப்பாகும்போது சோடியம் எலக்ட்ரானை இழக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது.

ஆகவே எந்த வினையாக இருந்தாலும் ஒவ்வொரு தனிமத்துக்கும் இரண்டு பக்கமும் ஆக்சிஜனேற்ற எண் போடுங்கள், அதற்குப் பிறகு வாயைத் திறங்கள். அரை நிமிட வேலை. நீட்டில் சரியான விடைக்கு 4, தப்புக்கு −1, ஆக ஒரு கேள்வியில் சறுக்கினால் ஐந்து மதிப்பெண் வித்தியாசம். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

ரெடாக்ஸை ஐந்தாவது பெட்டியாக நினைப்பது

சேர்க்கை, சிதைவு, இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, இதற்குப் பக்கத்தில் ரெடாக்ஸ் என்று இன்னொரு பெட்டி போட்டு, வினையை ஏதாவது ஒன்றில்தான் போட வேண்டும் என்று தவிப்பார்கள். முதல் நான்கும் அணுக்கள் எப்படி இடம் மாறின என்று சொல்கின்றன, ரெடாக்ஸ் எலக்ட்ரான் கணக்கைச் சொல்கிறது. ஒரே வினை இரண்டாகவும் இருக்கலாம். மக்னீசியம் எரிவது சேர்க்கை, ரெடாக்ஸும் கூட. துத்தநாகத் துண்டைக் காப்பர் சல்பேட் கரைசலில் போட்டால் இடப்பெயர்ச்சி, அது எப்போதுமே ரெடாக்ஸ். சில்வர் நைட்ரேட்டும் சோடியம் குளோரைடும் சேர்ந்து வெள்ளை வீழ்படிவு தருவது ரெடாக்ஸ் இல்லை.

லெட் நைட்ரேட்டைச் சூடாக்குவது சிதைவு வினை. பழுப்பு நிற வாயு வரும், ரெடாக்ஸ் என்றும் சரியாகவே சொல்வார்கள், ஆனால் ஒடுக்கம் அடைந்தது எது என்றால் "லெட்" என்பார்கள். லெட் +2இலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒடுங்கியது நைட்ரஜன், +5இலிருந்து +4க்கு. ஏறியது, வேடிக்கையாக, ஆக்சிஜனேதான்: −2இலிருந்து பூஜ்யம்.

ஆக்சிஜனேற்றி எது?

இன்னொன்றிடமிருந்து எலக்ட்ரானை வாங்கித் தான் ஒடுங்குவது எதுவோ அது. கடன் வாங்கியவனையும் கொடுத்தவனையும் குழப்பாதீர்கள்.

பெராக்சைடு

இதில் ஆக்சிஜனின் ஆக்சிஜனேற்ற எண் −1. −2 இல்லை.

ஒரு பொருள் மொத்தமாக மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்வது

மாங்கனீஸ் டை ஆக்சைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்து குளோரின் தரும் வினையில் நான்கு அமில மூலக்கூறுகள் போகின்றன. எத்தனை ஆக்சிஜனேற்றம் அடைந்தன என்று கேட்டால் உடனே நான்கு என்கிறார்கள். இரண்டுதான். மீதி இரண்டின் குளோரின் −1 ஆகவே மாங்கனீஸ் குளோரைடுக்குள் போய்விட்டது.