காரணம் சொல்லி ஆடும் தர்க்கப் புதிர்கள்: சிறுவரும் பெரியவரும் ஒன்றாக அமர்வதற்கு ஒரு வழிகாட்டி

ஏழு வயதுக் குழந்தையும் நாற்பது வயதுப் பெரியவரும் ஒரே விளையாட்டில் அமர்ந்தால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது: பெரியவர் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறார், அல்லது குழந்தை சலித்து எழுந்துபோகிறது. தர்க்கப் புதிர்களில் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அவற்றுக்குப் பொது அறிவோ சொல்வளமோ வேண்டியதில்லை; விதிகளை மூன்று நான்கு வாக்கியங்களில் சொல்லிவிடலாம்; அதன்பின் தேவைப்படுவது, தெரிந்ததைக் கொண்டு தெரியாததை முடிவுசெய்யும் பொறுமை மட்டுமே. இங்கே நான் சொல்லும் ஆட்டங்களுக்குத் தாளும் பென்சிலும் வீட்டில் கிடைக்கும் சில சிறு பொருள்களும் போதும்.

எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவாக ஒரு விதியை முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணை எழுதும் முன்போ ஒரு காயை நகர்த்தும் முன்போ, அது ஏன் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதிர்ஷ்டத்தால் கிடைத்த சரியான விடையைவிட, காரணத்தோடு எடுத்த தவறான அடி பயனுள்ளது. பின்னதைத் திரும்பிப் பார்த்துத் திருத்த முடியும். இந்த விதி பெரியவரையும் கட்டுப்படுத்த வேண்டும். அனுபவத்தால் சட்டென்று விடையைக் காணும் பெரியவர் அதற்கான காரணத்தைச் சொல்லத் தொடங்கும்போது, குழந்தையின் வேகத்துக்கு இயல்பாகவே வந்துவிடுவார்.

தொடங்குவதற்கு மிகச் சிறந்தது எண் கண்டுபிடிக்கும் ஆட்டம் என்பது என் கருத்து. ஒருவர் 1 முதல் 6 வரையுள்ள இலக்கங்களில் வெவ்வேறான மூன்றைத் தேர்ந்து, ஒரு மூன்றிலக்க எண்ணைத் தாளில் எழுதி மறைத்து வைக்கிறார். மற்றவர் ஓர் எண்ணைச் சொல்ல, மறைத்தவர் இரண்டு தகவல்களைத் தருகிறார்: எத்தனை இலக்கங்கள் சரியான இடத்தில் இருக்கின்றன, எத்தனை இலக்கங்கள் இருந்தும் இடம் மாறியிருக்கின்றன. எந்த இலக்கம் என்பதைச் சொல்லக் கூடாது. மொத்தம் 120 எண்கள் சாத்தியம்.

ஒரு சுற்றை நெருக்கமாகப் பார்ப்போம். மறைந்திருக்கும் எண் 514 என்று வைத்துக்கொள்வோம். கண்டுபிடிப்பவர் முதலில் 123 என்கிறார். சரியான இடத்தில் எதுவுமில்லை, இடம் மாறியது ஒன்று என்ற பதில் வருகிறது. இந்த ஒரே பதிலில் 120 சாத்தியங்கள் 36 ஆகச் சுருங்கிவிடுகின்றன. அடுத்து 456 என்று கேட்கவே பலருக்கும் தோன்றும். அதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி, “இந்தக் கேள்விக்கு எத்தனை இலக்கம் பொருந்தும் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியுமா?” என்று கேளுங்கள். 1, 2, 3 ஆகியவற்றில் ஒன்றுதான் இருக்கிறது என்றால், 4, 5, 6 ஆகியவற்றில் இரண்டு இருந்தே ஆக வேண்டும். பதிலில் ஒரு பாதி கேட்காமலேயே கையில் இருக்கிறது. ஆகவே கலந்து கேட்பது நல்லது. அவர் 415 என்கிறார். சரியான இடத்தில் ஒன்று, இடம் மாறியவை இரண்டு என்று பதில் வருகிறது. இப்போது மூன்று இலக்கங்களும் தெரிந்துவிட்டன. ஒன்று மட்டும் அதே இடத்தில் இருக்க வேண்டுமென்றால் விடை 451, 514, 145 ஆகிய மூன்றில் ஒன்றுதான். இவற்றில் 145 பொருந்தாது, ஏனெனில் 1 முதலிடத்தில் இல்லை என்பது முதல் பதிலிலேயே தெரிந்துபோனது. பழைய பதிலைத் திரும்பிப் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் ஆட்டத்தின் உயிர்நாடி என்பதால், எல்லாக் கேள்விகளையும் பதில்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைக்க வேண்டும்.

இலக்கங்களுக்குப் பதிலாக ஆறு நிறங்களையும் நான்கு இடங்களையும் கொண்டு 1970-களில் மாஸ்டர்மைண்ட் என்ற பெயரில் இதே போன்ற பலகை விளையாட்டு வந்தது. அதில் ஒரு நிறம் மீண்டும் வரலாம் என்பதால் 1,296 சாத்தியங்கள் உண்டு. இருந்தும் எப்படிப்பட்ட மறைவும் அதிகபட்சம் ஐந்து ஊகங்களில் வெளிப்பட்டுவிடும் என்று கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1977-இல் காட்டினார். சிறு குழந்தைகளுக்கு 1 முதல் 4 வரை இரண்டே இலக்கங்கள் போதும். 12 சாத்தியங்கள் மட்டுமே இருப்பதால் அனைத்தையும் எழுதி வைத்து அடித்துக்கொண்டே வரலாம்.

இந்த ஆட்டத்தில் மறைப்பவரின் வேலை எளிது என்று நினைத்துவிடாதீர்கள். என் மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது, அவள் எண்ணை மறைத்த ஒரு சுற்றில் நான்கு கேள்விகளுக்குப் பின் அவள் தந்த பதில்களுக்குப் பொருந்தும் எண் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தவறு செய்துவிட்டாய் என்று சொல்லாமல், “இந்த நான்கு பதில்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது” என்று மட்டும் சொன்னேன். அவளே தாளை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, இரண்டாவது பதிலில் இரண்டு எண்ணிக்கைகளையும் மாற்றிச் சொல்லியிருந்ததைக் கண்டுபிடித்தாள். முரண்பாட்டிலிருந்து பிழையைத் தேடிப் பிடிப்பது கணிதத்தில் முறையான வழி. அதை அவள் அன்று தானாகவே செய்து முடித்ததைப் பார்த்த மகிழ்ச்சி இன்னும் எனக்கு இருக்கிறது. ஆகவே மறைக்கும் முறையைக் குழந்தைக்கும் சமமாகக் கொடுங்கள்.

அடுத்தது சுடோக்கு. ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அமைத்ததாகக் கருதப்படும் இப்புதிர் 1979-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 1984-இல் ஜப்பானுக்குச் சென்று அங்கே இன்றைய பெயரைப் பெற்றது. ஒன்பது வரிசைக் கட்டத்தோடு குழந்தையை உட்கார வைக்க வேண்டாம். நான்கு வரிசை, நான்கு நெடுக்கை, நான்கு சிறு சதுரங்கள் கொண்ட கட்டத்தில் 1 முதல் 4 வரை எழுதத் தொடங்குங்கள். எந்த வரிசையிலும் நெடுக்கையிலும் சிறு சதுரத்திலும் ஓர் எண் இருமுறை வரக் கூடாது. முதல் வரிசையில் 1, காலி, காலி, 4 என்றும், இரண்டாம் வரிசையில் 3, காலி, 1, காலி என்றும் இருப்பதாகக் கொள்வோம். முதல் வரிசையின் இரண்டாம் கட்டத்தில் என்ன வரும்? அதன் சிறு சதுரத்தில் 1, 3 இரண்டும் இருப்பதால் 2 அல்லது 4; வரிசையில் ஏற்கெனவே 4 இருப்பதால் 2 மட்டுமே. அதற்கு நேர் கீழே 4, முதல் வரிசையின் மூன்றாம் கட்டத்தில் 3, இரண்டாம் வரிசையின் கடைசியில் 2 என்று மற்றவை தாமாகவே விழுகின்றன. உறுதியாகத் தெரியாத எண்களைக் கட்டத்தின் மூலையில் சிறிதாக எழுதி வைக்கும் வழக்கத்தை இந்தச் சிறு கட்டத்திலேயே பழக்கிவிட்டால், பெரிய கட்டம் அச்சுறுத்தாது.

மிகச் சிறிய பிள்ளைகளுக்கு ஹனோய் கோபுரம் ஏற்றது. 1883-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எட்வார்ட் லூக்கா வெளியிட்ட இந்தப் புதிரை, அளவு மாறும் மூன்று மூடிகளைக் கொண்டே ஆடலாம். ஒரு நேரத்தில் ஒன்றையே நகர்த்த வேண்டும், சிறியதன்மேல் பெரியது ஏறக் கூடாது, மூன்று இடங்கள் மட்டுமே உண்டு. மூன்று மூடிகளை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்ற 7 நகர்வுகள், நான்குக்கு 15, ஐந்துக்கு 31. இந்த எண்ணிக்கைகளை முன்கூட்டியே சொல்லாமல், குழந்தை தன் நகர்வுகளை எண்ணிக்கொண்டு குறைக்க முயலட்டும். புலியும் ஆடும் புல்லுக்கட்டும் ஆற்றைக் கடக்கும் பழைய புதிரையும் இதே வயதில் பொம்மைகளை வைத்து ஆடிக் காட்டலாம். அக்கரை சேர்த்த ஆட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதே அதன் முடிச்சு, அதைக் குழந்தை தானே அவிழ்க்கும்வரை காத்திருங்கள்.

குச்சி எடுக்கும் ஆட்டம் சற்று வேறு வகை, ஏனெனில் இதில் எதிராளி உண்டு. 21 குச்சிகளை வைத்து, மாறி மாறி ஒன்று முதல் மூன்று வரை எடுக்க வேண்டும். கடைசிக் குச்சியை எடுப்பவர் வென்றவர். இதன் குடும்பத்தைச் சேர்ந்த நிம் என்ற ஆட்டத்துக்கு 1901-இல் சார்ல்ஸ் பூட்டன் என்ற கணித அறிஞர் முழுமையான வெற்றி முறையை எழுதினார். பெரியவருக்கு அந்த வகைச் சூத்திரம் தெரிந்திருந்தால் ஆட்டம் ஒருதலையாகிவிடும் என்பதால், 21-இல் தொடங்காமல் பின்னோக்கிச் செல்லுங்கள். உன் முறை வரும்போது நான்கு குச்சிகள் இருந்தால் என்ன ஆகும்? ஒன்றை எடுத்தாலும் இரண்டை எடுத்தாலும் மூன்றை எடுத்தாலும் எதிராளி மீதியை முழுதாக அள்ளிக்கொள்கிறார். எனவே எதிராளிக்கு நான்கை விட்டுவைப்பவர் வெல்கிறார். பிறகு எட்டைப் பற்றி, அப்புறம் பன்னிரண்டைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே வந்தால், 21-இல் தொடங்குபவர் ஒன்றை எடுத்து 20-ஐ விட வேண்டும் என்பது குழந்தையின் வாயிலிருந்தே வரும். அது வந்தவுடன் கடைசிக் குச்சியை எடுப்பவர் தோற்றவர் என்று விதியை மாற்றிவிடுங்கள். இப்போது 21-இல் தொடங்குபவருக்குத்தான் ஆபத்து, பெரியவரும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கும்.

ஆடும்போது குழந்தை தடுமாறினால் விடையைச் சுட்டாதீர்கள், “எந்த வரிசையில் காலி இடம் மிகக் குறைவு?” என்பது போல, பார்க்க வேண்டிய இடத்தை மட்டும் காட்டுங்கள். கைபேசிச் செயலிகளில் ஆடுவதானால் துணைக்குறிப்புப் பொத்தானையும் நேரக் கடிகாரத்தையும் அணைத்துவிடுவது அவசியம், ஏனெனில் கடிகாரம் ஓடினால் காரணம் சொல்லும் விதிதான் முதலில் கைவிடப்படும். ஒரு புதிர் தொடர்ந்து இரண்டு முறை எந்தத் தயக்கமும் இன்றி முடிந்தால் அளவைக் கூட்டுங்கள். பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் தாளை அப்படியே வைத்துவிட்டு மறுநாள் தொடருங்கள்.

சில வாரங்கள் கழித்து, குழந்தை உங்களுக்குப் புதிர் அமைக்கட்டும். நான்கு வரிசைச் சுடோக்குவை முழுவதும் நிரப்பிவிட்டு, ஒவ்வோர் எண்ணாக அழித்து, அழித்த இடத்தைக் காரணத்தோடு மீட்க முடிகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். எவ்வளவு தூரம் அழிக்கலாம் என்பது பெரிய கேள்வி. ஒன்பது வரிசைச் சுடோக்குவுக்கு ஒரே விடை இருக்க வேண்டுமானால் குறைந்தது 17 எண்கள் கொடுக்கப்பட வேண்டும் என்பது 2012-இல்தான், நீண்ட கணினித் தேடலுக்குப் பின் நிறுவப்பட்டது. நான்கு வரிசையில் அந்த எல்லை 4. எண்ணிக்கை மட்டும் போதாது என்பதையும் குழந்தை கண்டுபிடிக்கும்: கட்டம் முழுவதிலும் 2, 3 இரண்டுமே ஓரிடத்திலும் இல்லாதபடி அழித்துவிட்டால், விடையில் எல்லா 2-களையும் 3-களாகவும் எல்லா 3-களையும் 2-களாகவும் மாற்றி எழுதினாலும் விதி மீறப்படாது, எனவே புதிருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை வந்துவிடும். அப்போது ஏதேனும் ஒரு கட்டத்தில் ஒரு 3-ஐத் திருப்பி எழுதிவிட்டு, மீண்டும் முதலிலிருந்து சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.