ஒரே வேலைக்கு உதவும் டூலுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

என் பழைய ஸ்விஃப்டில் பின்சக்கர பிரேக்கில் ஆயில் கசிந்தது. வீல் சிலிண்டர் மாற்ற வேண்டும், சனிக்கிழமை மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சிலிண்டருக்குள் போகும் இரும்புக் குழாயின் நட் 10 எம்எம். கையில் இருந்த டபுள் எண்ட் ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன், லேசாக நகர்ந்த மாதிரி இருந்தது, சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்தேன். நகர்ந்தது ஸ்பேனர்தான். நட்டின் முனை மழுங்கிவிட்டது. பிறகு வைஸ் கிரிப் (பூட்டிப் பிடிக்கும் இடுக்கி) போட்டுக் கடித்ததில் நட்டோடு குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொண்டது. ஆக, வீல் சிலிண்டரோடு குழாயையும் வாங்கி, வண்டியை இரண்டு நாள் ஸ்டாண்டில் நிறுத்தி, திங்கட்கிழமை ஆபீசுக்குப் பஸ்ஸில் போனேன்.

பிரேக் குழாய்க்கென்றே ஃபிளேர் நட் ஸ்பேனர் என்று ஒன்று இருக்கிறது. ரிங் ஸ்பேனரில் ஒரு பக்கம் வெட்டு விட்ட மாதிரி இருக்கும், குழாயின் மேல் நுழைத்து நட்டில் இறக்கினால் ஆறு பக்கத்தில் ஐந்தைப் பிடிக்கும். சாதாரண ஸ்பேனர் இரண்டைத்தான் பிடிக்கும். விலை சில நூறு ரூபாய். வருஷத்தில் ஒரு தடவை எடுப்பேனா என்று யோசித்துத்தான் வாங்காமல் விட்டிருந்தேன்.

அதிலிருந்து ஒரு டூலை வாங்கும் முன் நான் விலையைப் பார்ப்பதில்லை, இந்த டூல் வேலைக்கு நடுவில் கைவிட்டால் எது போகும் என்று பார்க்கிறேன். நேரம் மட்டும்தான் போகும் என்றால் மலிவானதை வாங்கலாம், அல்லது வாங்காமலே இருக்கலாம். வண்டியின் பாகம் போகும் என்றால் நல்லதாகப் பார்த்து வாங்க வேண்டும். என் கை கால் போகும் என்றால் ஒன்று மிக நல்லதை வாங்க வேண்டும், இல்லை அந்த வேலையையே வேறு ஆளிடம் விட வேண்டும்.

கை கால் வரிசையில் முதலில் நிற்பது ஸ்பிரிங் கம்ப்ரசர். முன்பக்க ஸ்ட்ரட்டை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகத்தை, பிரித்து ஷாக் அப்சார்பர் மாற்ற வேண்டுமானால் சுருள் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்தாக வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங்குக்குள் சில நூறு கிலோ விசை காத்துக்கொண்டிருக்கும். ஆன்லைனில் மிக மலிவாக வரும் கொக்கி வகை ஜோடியைப் பார்த்திருப்பீர்கள், இரண்டு நீளத் திருகுக் கம்பி, முனையில் வளைந்த கொக்கி. ஒரு கொக்கி வழுக்கினால் ஸ்பிரிங் எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. நல்லதை வாங்கினாலும் மரையில் கிரீஸ் தடவ வேண்டும், இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக, கையால்தான் முறுக்க வேண்டும். அடித்து முறுக்கும் மெஷினான இம்பாக்ட் கன்னை அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. நான் இதை வாங்கவில்லை. ஸ்ட்ரட்டை முழுதாக வண்டியிலிருந்து கழற்றிப் பக்கத்து சஸ்பென்ஷன் பட்டறையில் கொடுக்கிறேன், அவர்கள் சுவரோடு பொருத்திய கம்ப்ரசரில் வைத்து மாற்றித் தருகிறார்கள், திரும்பக் கொண்டுவந்து மாட்டிக்கொள்கிறேன். வேலையில் முக்கால்வாசி நம்முடையது, ஆபத்தான கால்வாசி அவர்களுடையது.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு, லேத் பட்டறை. வெளிநாட்டு வீடியோக்களில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கிட் காட்டுவார்கள், ஹப் பேரிங் இறக்க ஒன்று, புஷ் தள்ள ஒன்று. அங்கே மெக்கானிக் கூலி அதிகம், அவர்களுக்கு அந்தக் கணக்கு சரி. கோவை கணபதி பக்கம் தெருவுக்குத் தெரு லேத் ஓடுகிறது. நக்கிளை, அதாவது வீல் பேரிங் உட்காரும் இரும்புப் பாகத்தை, கழற்றிக் கொண்டுபோனால் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பழைய பேரிங்கைத் தள்ளிப் புதியதை ஏற்றித் தருகிறார்கள். கூலி, டீ செலவையும் சேர்த்தே, அந்தக் கிட்டின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஒன்றை மட்டும் கண்ணால் பார்த்து நில்லுங்கள்: ஏற்றும்போது பேரிங்கின் வெளி வளையத்தில் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் பள்ளம் பதித்துவிடும், புது பேரிங் ஒரு மாதத்திலேயே ஊளையிட ஆரம்பிக்கும்.

கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தும் டூலும் அப்படித்தான், வாங்க வேண்டியதில்லை. அதே மாடலின் பழைய கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் (கிளட்சுக்குள் நுழையும் தண்டு) ஒன்று கிடைத்தால் அதைவிடச் சரியான டூல் கிடையாது. சென்னைக்காரர்கள் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடலாம். சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டைப் பிரிக்கக் கவை மாதிரி ஒன்று விற்கிறது, அது ரப்பர் பூட்டைக் கிழிக்காமல் வராது. பால் ஜாயிண்டையே தூக்கிப்போடப் போகிறீர்கள் என்றால் பரவாயில்லை. இல்லையென்றால் நம் மெக்கானிக்குகள் செய்வதுபோல நட்டை இரண்டு மூன்று மரை விட்டு வைத்துவிட்டு, நக்கிளின் பக்கவாட்டில் ஒரு பெரிய சுத்தியலை முட்டுக் கொடுத்து எதிர்ப்பக்கம் இன்னொன்றால் ஓங்கித் தட்டினால் போதும், டப்பென்று விடும்.

பேரிங், புல்லியை இழுத்துக் கழற்றும் புல்லர் வாங்குவதானால் சும்மா விலை பார்த்து வாங்காதீர்கள். மூன்று கால் புல்லரில் மலிவானது வார்ப்பு இரும்பாக இருக்கும், பாரம் ஏறினால் கால் விரியும், இல்லை படீரென்று உடைந்து முகத்துக்கு வரும். அடித்துச் செய்தது, அதாவது ஃபோர்ஜிங், கொஞ்சம் விலை கூட. கடையில் காலின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், நடுத் திருகை முழு நீளமும் கையால் ஓட்டிப் பாருங்கள், எங்காவது பிடித்தால் கீழே வைத்துவிடுங்கள்.

இப்போது டார்க் ரெஞ்ச், நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை நியூட்டன் மீட்டர் கணக்கில் வைத்து முறுக்கும் டூல். அதிகம் பேர் குழம்புவது இதில்தான், நானும் குழம்பினேன்.

நான் முதலில் வாங்கியது 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை என்று எழுதிய அரை அங்குல கிளிக் வகை, வைத்த அளவு வந்ததும் கிளிக் என்று சத்தம் கொடுக்கும், 2,400 ரூபாய். வீல் நட்டுக்கு அருமையாக இருந்தது. அந்தத் தைரியத்தில் இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் மாற்றும்போதும் அதையே எடுத்தேன். அந்தக் குட்டி போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டரே தாராளம். ரெஞ்சை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, அடாப்டர் போட்டு, கிளிக் வரும் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு முறுக்கினேன். ஐந்தாவது போல்ட்டில் ஒரு கட்டத்தில் ஜவ்வு மிட்டாயை இழுப்பது போலக் கை லேசாகிப் போனது. அந்த உணர்வு ஒரு தடவை வந்தவர்களுக்குத் தெரியும். தலை என் சாக்கெட்டுக்குள், மீதி இன்ஜினுக்குள்.

இதில் கவனிக்க வேண்டியது, 2,400 ரூபாய்க்குப் பதில் 12,000 ரூபாய் ரெஞ்ச் வைத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். கிளிக் ரெஞ்ச் எந்த விலையானாலும் அதன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பக்கூடாது. ஆகவே ஒரு விலை உயர்ந்த பெரிய ரெஞ்சைவிட நடுத்தர விலையில் இரண்டு ரெஞ்ச் நல்லது: குட்டி போல்ட், ஸ்பார்க் பிளக் போன்றவற்றுக்கு 5 முதல் 25 வரை ஒன்று, வீல் நட், சஸ்பென்ஷனுக்கு 40 முதல் 200 வரை ஒன்று. இரண்டுக்கும் காசு இல்லையென்றால் முதலில் சின்னதை வாங்குங்கள். வீல் நட்டைக் கொஞ்சம் முன்பின்னாக முறுக்கினாலும் வண்டி பொறுத்துக்கொள்ளும், இன்ஜினின் அலுமினிய ஹெட்டில் மரை போனால் பொறுக்காது. கடையில் எல்லோரும் பெரியதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள்.

சரி, மலிவான ரெஞ்சை நம்பலாமா? நம்ப வேண்டாம், சோதித்துவிடலாம். ஒழுங்கான கிளிக் ரெஞ்சுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 4 சதவீதம், கூடவோ குறையவோ. அதை வீட்டிலேயே 20 லிட்டர் தண்ணீர் கேன் வைத்துப் பார்த்துவிடலாம்.

ஒரு பெரிய பழைய போல்ட்டை அதன் தலை உங்களைப் பார்க்கும்படி பெஞ்ச் வைஸில் இறுக்கிப் பிடியுங்கள். சாக்கெட்டோடு ரெஞ்சை மாட்டி, கைப்பிடி வலது பக்கம், தரைக்குச் சமமாகப் படுத்திருக்க வேண்டும். அப்போதுதான் கீழே இழுக்கும் பாரம் முறுக்கும் திசையில் போகும். போல்ட்டின் நடுவிலிருந்து கைப்பிடியின் நடுவுக்கு டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள், என் ரெஞ்சில் சரியாக 40 செ.மீ. தண்ணீர் நிரம்பிய கேனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்தேன், கயிறோடு 20.7 கிலோ. கிலோவை மீட்டரால் பெருக்கி 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர், அதாவது 20.7 × 0.4 × 9.8, சுமார் 81. ரெஞ்சின் சொந்த எடையும் கீழேதான் இழுக்கிறது, ஒன்றரைக் கிலோ ரெஞ்சை விரலில் வைத்துச் சமநிலை பார்த்தால் 20 செ.மீ.யில் நிற்கிறது, அதற்கு ஒரு 3. மொத்தம் 84.

கேனைக் கயிற்றில் கட்டிக் கைப்பிடியின் நடுவில் மாட்டி, கையால் தாங்கிக்கொண்டே மெதுவாகப் பாரத்தை விடுங்கள், தரைக்கும் கேனுக்கும் நான்கு விரல் இடைவெளி போதும், விழுந்தாலும் காலில் விழாது. 80-ல் வைத்தால் கிளிக் வர வேண்டும். 88-ல் வைத்தால் வரக்கூடாது. நடுவில் இரண்டிரண்டாக ஏற்றிப் பார்த்தால் உங்கள் ரெஞ்ச் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். என்னுடைய 2,400 ரூபாய் ரெஞ்ச் 82 வரை கிளிக் கொடுத்தது, 84-ல் கொடுக்கவில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. நண்பர் ஒருவர் வைத்திருப்பது இதைப்போல நான்கு மடங்கு விலை, ஆனால் பல வருஷம் 110-ல் வைத்தபடியே டிக்கியில் கிடந்தது, உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. 94-ல் வைத்தும் கிளிக் கொடுத்தது. 94 என்று நம்பி அவர் முறுக்கிய நட்டெல்லாம் 84-ஐக்கூடத் தாண்டியிருக்காது. வேலை முடிந்ததும் ரெஞ்சை அதன் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும், அதற்கும் கீழே போகக்கூடாது. நட் கழற்ற அதை எடுக்கவே கூடாது, கழற்ற நீளக் கம்பி இருக்கிறது.

சின்ன ரெஞ்சுக்கும் இதே சோதனைதான், கேனுக்குப் பதில் இரண்டு லிட்டர் பாட்டில்கள். கிளிக் வேண்டாம், முள் காட்டும் பழைய வகை போதும் என்றால் அது இன்னும் நல்லது, மலிவு, கெட்டுப்போகவும் அதில் ஒன்றும் இல்லை. என்ன, முள்ளை நேராகப் பார்க்கத் தலையை இன்ஜினுக்குள் விட வேண்டும்.

டைமிங் லாக் கிட் பற்றியும் கேட்பீர்கள், குறிப்பாக டீசல் போலோ, வென்டோ வைத்திருப்பவர்கள். பெல்ட் மாற்றும்போது கிராங்கையும் (பிஸ்டனை ஓட்டும் தண்டு) கேமையும் (வால்வைத் திறக்கும் தண்டு) நகராமல் நிறுத்தும் ஊசிகள் அவை. இடம் தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதும், செலவு பயங்கரம், அதனால் விலை அதிகமானதுதான் வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஊசியின் வேலை இடத்தைக் காட்டுவது மட்டும். வெர்னியரில் அளவு சரியாக இருந்தால் மலிவானதும் அதே வேலையைச் செய்யும். ஊசியை முட்டாக வைத்துக்கொண்டு புல்லி போல்ட்டை முறுக்கினீர்கள் என்றால் எவ்வளவு விலை கொடுத்த ஊசியும் வளையும். அதற்கு புல்லியைப் பிடிக்கும் கம்பி தனி.

ஸ்கேனர் விஷயத்தில் சுருக்கமாக: இன்ஜின் லைட் எதற்கு எரிகிறது என்று பார்க்க மட்டும் என்றால் போனோடு சேரும் மலிவான புளூடூத் அடாப்டர் போதும். ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் போக வேண்டுமானால் உங்கள் கம்பெனி வண்டியைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும், விலை பல மடங்கு. வீட்டில் ஒரே கார் வைத்திருப்பவருக்கு அது கட்டாது. பட்டறையில் காசு கொடுத்துப் பார்த்துக்கொள்வது லாபம்.

இன்னொன்று, 22 பீஸ் செட், 40 பீஸ் செட் என்று பெட்டியில் வருபவை. பின் டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் பிஸ்டனைத் திருகித் தள்ளும் செட் ஒன்றை ஆஃபரில் பார்த்து ஆர்டர் போட்டுவிட்டு, பெட்டியைத் திறந்த பிறகுதான் என் வண்டிக்குப் பின்னால் டிரம் பிரேக் என்பது நினைவுக்கு வந்தது. பெட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது, பின்னால் டிஸ்க் பிரேக் உள்ள வண்டி யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன்.