படகு டிரெய்லர் ஹப்பில் தண்ணீர் புகுந்தால் நீங்களே சரிசெய்யலாம்

படகு டிரெய்லரின் சக்கரத்துக்கு மற்ற வண்டிகளுக்கு இல்லாத ஒரு சோதனை உண்டு. நெடுந்தூரம் ஓடிச் சூடான ஹப் (சக்கரம் மாட்டியிருக்கும் நடுப்பகுதி, பேரிங் இருப்பது இதற்குள்தான்) நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. உள்ளே இருக்கும் சூடான காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அப்போது கிரீஸை உள்ளேயும் தண்ணீரை வெளியேயும் நிறுத்தும் பின்பக்க ஆயில் சீல் தேய்ந்திருந்தால், அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். ஒவ்வொரு தடவையும் சில சொட்டுகள் போனாலே போதும், கிரீஸ் கெட்டு பேரிங் துருப்பிடித்துவிடும். அதனால் புது பேரிங் போட்டால் மட்டும் வேலை முடியாது, சீல் சரியாக உட்கார வேண்டும்.

தூக்கி நிறுத்துவது

படகை இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். டிரெய்லர் வண்டியோடு மாட்டியே இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். ஆக்சிலின் நடுவில் ஜாக்கி கொடுக்காதீர்கள், வளைந்துவிடும். சட்டத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகே கை வையுங்கள்.

கழற்றுவது

ஹப்பின் வெளிமுகத்தில் இருக்கும் மூடியான டஸ்ட் கேப்பைச் சுற்றிச் சுற்றித் தட்டினால் வந்துவிடும். அப்புறம் காட்டர் பின் (நட் கழன்றுவிடாமல் தடுக்கும் கம்பி), நட், வாஷர், வெளிப் பேரிங் என்று ஒவ்வொன்றாக எடுத்து, அதே வரிசையில் துணியில் பரப்பி வையுங்கள். கடைசியில் ஹப்பை நேராக இழுத்தால் கையோடு வரும்.

இப்போது உள்ளே இருக்கும் கிரீஸை விரலில் எடுத்துப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஹப் சுழலும் ஆக்சில் முனையான தண்டு நீலம் பாய்ந்திருந்தால் பேரிங் கடுமையாகச் சூடேறியிருக்கிறது, அந்தத் தண்டை நம்ப வேண்டாம்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். பேரிங்கின் உருளைகளிலோ, அவை உருளும் வெளி வளையமான கப்பிலோ சிறு குழி தெரிந்தாலும் பேரிங், கப் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழைய கப்பில் புது பேரிங் நிலைக்காது.

பேரிங் வாங்கும்போது அதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். எல்44643, எல்44649 இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கப்பும் ஒன்றேதான். ஆனால் முதலாவது 1 அங்குலத் தண்டுக்கு, அடுத்தது 1 1/16 அங்குலத் தண்டுக்கு. வித்தியாசம் வெறும் 1.6 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது.

தண்டைத் தடவிப் பாருங்கள்

பலரும் விட்டுவிடும் இடம் இது. சீலின் உதடு உரசும் வளையத்தில் நகத்தை வைத்துக் குறுக்கே இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி. நகம் மாட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது, எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் தண்ணீர் போகும். நான் முதல் தடவை இதைப் பார்க்காமல் புது சீல் போட்டேன். அடுத்த முறை திறந்தபோது கிரீஸ் மறுபடியும் வெளுத்திருந்தது. லேசான துருவாக இருந்தால் நைஸான எமரித் தாளால் தேய்க்கலாம். பள்ளமாக இருந்தால் அந்த இடத்தில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் வளையம் ஏற்றலாம். பேரிங் உட்காரும் இடமே தேய்ந்திருந்தால் ஆக்சிலையே மாற்ற வேண்டியதுதான்.

மாட்டுவது

புதுக் கப்பை அடித்து இறக்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். அடிவரை போய் உட்கார்ந்ததும் சத்தம் மாறிக் கனமாகக் கேட்கும். அதுவரை எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றித் தட்டுங்கள்.

உள்ளங்கையில் மரைன் கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி எடுங்கள். குறுகிய பக்கத்தில் உருளைகளின் இடுக்கு வழியாக கிரீஸ் பிதுங்கி வர வேண்டும். மேலே பூசுவது மட்டும் போதாது. பழைய கிரீஸோடு புதியதைக் கலக்காதீர்கள், சில வகைகள் சேர்ந்தால் இளகிவிடும்.

உள் பேரிங்கை வைத்து, ஸ்பிரிங் உள்ள பக்கம் உள்ளே பார்க்கும்படி சீலை வைத்து, மேலே மரக்கட்டை வைத்து மட்டமாகத் தட்டுங்கள். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ஹப்பைத் தண்டில் ஏற்றி, வெளிப் பேரிங், வாஷர், நட் போடுங்கள்.

இறுக்கும்போதுதான் தவறு நடக்கும். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டைச் சுமார் 70 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, பிறகு முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் திரும்ப இறுக்குங்கள். துளை ஒத்துவராவிட்டால் கொஞ்சம் பின்னால் திருப்பிப் புதிய காட்டர் பின் போடுங்கள். டிரெய்லருக்கென்று கையேடு இருந்தால் அதிலுள்ள அளவையே பின்பற்றுங்கள்.

மேம்படுத்துவது

முதலில் செய்யத்தக்கது, டஸ்ட் கேப்புக்குப் பதிலாக ஸ்பிரிங் வைத்த பேரிங் காப்பு மூடி. அது கிரீஸை லேசான அழுத்தத்தில் வைத்திருப்பதால் தண்ணீர் புக வழியில்லை. ஆனால் கிரீஸ் கன்னால் அளவுக்கு மீறி அடித்தால் பின்பக்க சீல் பிதுங்கிவிடும்.

ஆக்சில் மாற்றுவதாக இருந்தால் பெயின்ட் அடித்ததை விட கால்வனைஸ் செய்ததே நல்லது, உப்புத் தண்ணீரில் இறக்குபவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். பழைய ஆக்சிலில் ஒரு ஹப் முகத்திலிருந்து மறு ஹப் முகம் வரை, ஸ்பிரிங் நடுவிலிருந்து நடு வரை, எடை தாங்கும் அளவு, இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு வாங்கப் போங்கள்.

சக்கரத்தை மாட்டி 15, 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஹப் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். கை வைக்கவே முடியாத சூடு என்றால் நட் அதிகம் இறுகியிருக்கிறது, திரும்பத் திறக்க வேண்டும். வீல் நட்டுகளையும் அப்போதே ஒருமுறை இறுக்கிவிடுங்கள். கரைக்கு வந்ததும் உடனே தண்ணீரில் இறக்காமல் கால் மணி நேரமாவது ஹப்பை ஆறவிடுங்கள். கயிறு, லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்து வைக்க அந்த நேரம் சரியாக இருக்கும்.